கேட்கிற மாதிரி சொல்வது

"ஏம்மா பண்ணல?"

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, ஒரு நாளைக்கு மூன்று முறையாவது நான் அவளிடம் கேட்ட கேள்வி இது. கோவையில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கோத்தகிரி பக்கம் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டுக்குத் திரும்பியபோது, ஒரு தாளில் பன்னிரண்டு பயிற்சிகள் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. அன்றிரவே நான் அதை எக்செல்லில் ஏற்றினேன். செய்தால் பச்சை, செய்யாவிட்டால் சிவப்பு. அம்மாவின் ஃபோனில் மூன்று அலாரம் வைத்தேன். பெங்களூரில் மேனேஜரிடம் பேசி இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். எல்லாம் தயார்.

பத்து நாளில் அந்த எக்செல் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அலாரம் அடிக்கும், அம்மா இடது கையால் அதை அணைப்பாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வலது கையும் வலது காலும்தான் அடிபட்டிருந்தன. பேச்சு கொஞ்சம் குழறியதே தவிர, போய்விடவில்லை. ஆனாலும் "ஏம்மா பண்ணல?" என்பதற்கு அவளிடம் பதில் கிடையாது. நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். மழையிலும் பனியிலும் ஒரு நாள் பேர் விடாதவள். அவளுக்கு இது சோம்பல் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் நான் கேட்ட விதம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழ் வீட்டு அக்கா புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். சித்தப்பா கேரளாவில் ஒரு எண்ணெய் வைத்தியரின் நம்பர் அனுப்பினார். என் நண்பன் ஒருவன்தான், "ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருத்தங்க குன்னூர்லேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் அந்தப் பக்கம் வராங்க, கேட்டுப் பாரு" என்றான்.

பஸ்ஸில் வந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. கையைத் தூக்கிப் பார், காலை மடக்கிப் பார் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அதையெல்லாம் பிறகு செய்தார். முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொல்றத செய்றேன் டாக்டரம்மா" என்றாள்.

"நடக்கணும் மேடம். கை பழையபடி வரணும்" என்றேன் நான்.

"அம்மா சொல்லட்டும்ணா."

யாரும் எதுவும் சொல்லவில்லை. வெளியே டீத்தூள் ஃபேக்டரி லாரி ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு போய் மறையும் வரை மௌனம். எனக்குத் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாங்க முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து கேள்வியை மட்டும் மாற்றினார். "சரிம்மா. இது வர்றதுக்கு முன்னாடி, காலைல எந்திரிச்சதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"தேத்தண்ணி வைப்பேன்" என்றாள் அம்மா. அதிலிருந்து பேச ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் என்னிடம், "அண்ணா, கடைக்குப் போய் ஒரு லிட்டர் பால் வாங்கிட்டு வர்றீங்களா?" என்றார். வீட்டில் பால் இருந்தது. ஆனாலும் போனேன். திரும்பி வந்தபோது ஒரு நோட்டுத் தாளில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்று, ஜாக்கெட்டை யார் உதவியும் இல்லாமல் போட்டு ஊக்கு மாட்டணும். இரண்டு, தேத்தண்ணி வைக்கணும். மூன்று, படி இறங்கிக் கீழ் வீட்டு அக்காவைப் பார்க்கப் போகணும்.

பதினைந்து நாளாக அம்மாவுக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டது நான்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் இருக்கும்போது அதைச் சொல்லியிருக்கவும் மாட்டாள். பால் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

*

ஆக்குபேஷனல் தெரபி என்றதும் ஏதோ வேலைவாய்ப்புப் பயிற்சி என்றுதான் முதலில் நினைத்தேன். தமிழில் தொழில்வழி சிகிச்சை என்றும் செயல்முறை மருத்துவம் என்றும் இடத்துக்கு ஒரு பெயர் எழுதுகிறார்கள். தொழில் என்ற சொல் நம்மைச் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்தத் துறைக்குப் பல் தேய்ப்பது, குளிப்பது, கோலம் போடுவது, பேரனுக்குச் சோறு ஊட்டுவது, கோயிலுக்குப் போவது என ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாமே தொழில்தான். இந்தியாவில் இதற்கு ஒரு பள்ளியை 1950இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

நமக்குப் பக்கத்தில் வேலூரில் இதைவிட அழுத்தமான ஒரு கதை இருக்கிறது. மேரி வர்கீஸ் இளம் மருத்துவராக இருந்தபோது 1954இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நடக்க வைப்பது ஒன்றுதான் இலக்கு என்றால் அவர் கதை அங்கேயே தோல்வியில் முடிந்திருக்கும். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது என்று யோசித்தார்கள். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் பால் பிராண்டின் பிரிவில், சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தார் மேரி. பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கால் திரும்பவில்லை, வேலை திரும்பியது. அம்மாவின் தாளில் "நடக்கணும்" என்ற வரி ஏன் இல்லை என்பதை இந்தக் கதையை வாசித்தபோதுதான் நான் ஏற்றுக்கொண்டேன். அவள் நடக்க ஆசைப்படவில்லை. கீழ் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டாள்.

என்ன செய்ய விருப்பம் என்று நோயாளியையே கேட்பதற்கு ஒரு கருவியே இருக்கிறது. 1991இல் கனடாவில் வெளியான ஒரு அளவீடு, சுருக்கமாக சிஓபிஎம். நோயாளி தனக்கு முக்கியமான ஐந்து காரியங்கள் வரை சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்: இதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எனக்கு எவ்வளவு திருப்தி. இரண்டும் பத்துக்கு. சில வாரம் கழித்துத் திரும்பவும் போட வேண்டும்.

2009இல் ஃபியோனா கிரஹாம், சில்வியா ரோஜர், ஜென்னி ஸிவியானி என்ற மூன்று ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். குழந்தைக்குச் சிகிச்சை தரும்போது பெற்றோரிடம் 'இப்படிச் செய்யுங்கள்' என்று பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டு, பெற்றோரையே வழி கண்டுபிடிக்கவைக்கும் ஒரு முறையை எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரில் கோச்சிங் என்ற சொல் இருக்கிறது. தெரபிஸ்ட் கேட்பார், காத்திருப்பார், அவர்கள் முயன்று பார்த்ததைத் திரும்ப அலசுவார். தீர்வு குடும்பத்திடமிருந்தே வர வேண்டும்.

கோச்சிங் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் அது எனக்குத் தெரியும். ஆபீசில் சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்கிறேன். 1974இல் டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர் எழுதிய புத்தகத்தில் தொடங்கி, 1992இல் ஜான் விட்மோர் எழுதிய புத்தகத்தால் கார்ப்பரேட் உலகம் முழுக்கப் பரவிய சமாசாரம். இலக்கு என்ன, நிலவரம் என்ன, வழிகள் என்ன, எதைச் செய்யப்போகிறாய் என்ற நாலு படி. இரண்டு வருஷமாக என் டீமில் இருக்கும் ஜூனியர்களிடம் வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இந்த டெட்லைனுக்குள்ள முடிக்க உனக்கு என்ன ஹெல்ப் வேணும்?" என்று கேட்பேன். டெட்லைன் சரியா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

*

இரண்டாவது வாரம். அந்தப் பெண் மதிப்பெண் கேட்டார். "தேத்தண்ணி வைக்கறதுல இப்ப பத்துக்கு எத்தனைம்மா?"

அம்மா விழித்தாள். பத்துக்கு எத்தனை என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அவள் பள்ளிக்கூடம் போனது நாலு வருஷம். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிலோவுல சொல்லுங்க. முப்பது கிலோ எடுத்தா நல்ல நாள்னு வச்சுக்குவோம்" என்றார்.

"மூணு கிலோ" என்றாள் அம்மா உடனே. "ஈரக் கழிவு போக ரெண்டரை."

பக்கவாதத்துக்குப் பிறகு அவள் செய்த முதல் கிண்டல் அது.

அன்று சமையலறையில் நடந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். டீ வைப்பது ஒரு வேலை என்று நினைத்திருந்தேன். அவர்கள் அதைப் பதினாலு வேலையாகப் பிரித்தார்கள். பாத்திரம் எடுக்க, தண்ணீர் பிடிக்க, அடுப்பைத் திருக, லைட்டரை அழுத்த, தூள் டப்பா மூடியைக் கழற்ற என்று ஒவ்வொன்றாக. இடது கையால் முடிவது, வலது கை சும்மா மேலே அழுத்திக்கொண்டிருந்தால் போதும் என்பது, முடியவே முடியாதது என்று மூன்றாக வகை பிரித்தார்கள். புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான காரியம். ஆனால் அங்கே ஒவ்வொரு வரியையும் சொன்னது அம்மா.

சிக்கல் வடிகட்டும்போது வந்தது. ஒரு கையால் பாத்திரத்தைச் சாய்த்தால் கீழே டம்ளர் வழுக்கி நகர்கிறது. இரண்டு முறை கொட்டியது. எனக்குக் கை பரபரத்தது. டம்ளரைப் பிடிக்க ஒரு அடி எடுத்து வைத்தேன், அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டி நிறுத்தினார். "இது நகராம இருக்க என்னம்மா பண்ணலாம்?" அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கும். பிறகு என்னிடம், "பின்னால பழைய சாக்கு கெடக்கும் பாரு. ஒரு துண்டு வெட்டி நனைச்சு எடுத்தா" என்றாள்.

நனைத்த சாக்கின் மேல் டம்ளர் அசையவில்லை. மழைக்காலத்தில் சரிவான பாறையில் கால் வழுக்காமல் இருக்கத் தோட்டத்தில் சாக்கு போடுவார்களாம்.

பஸ் ஸ்டாப் வரை அந்தப் பெண்ணோடு நடந்துபோனேன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா மேடம்?" என்றேன். அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று சுருட்டி வைத்திருந்தது. "பையிலயே இருந்துச்சுண்ணா. எடுக்கல. நான் குடுத்திருந்தா அது என்னோடது. கிழிஞ்சா எனக்குத்தான் ஃபோன் பண்ணுவாங்க."

அதற்காக அவர் எதையும் சொல்லித்தராமல் இருந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் நாளே என்னிடம் கறாராகச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. அம்மாவை எழுப்பும்போது நானும் அக்கம்பக்கத்தினரும் வலது கையைப் பிடித்துத் தூக்குவோம். "அந்தக் கையைப் புடிச்சு இழுக்கவே கூடாது. தோள்பட்டை மூட்டு எறங்கிரும். இதுல யோசிக்க ஒண்ணுமில்ல." ஜாக்கெட் போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கணும் என்பதையும் கேள்வியாகக் கேட்கவில்லை, செய்து காட்டினார். ஊக்குக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் பட்டை தைக்கலாம் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். "சரிம்மா, அப்ப பெரிய ஊக்கு" என்று விட்டுவிட்டார். தோள்பட்டை அவருடைய அறிவு. ஜாக்கெட் அம்மாவுடையது. அந்தக் கோடு எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் சுலபமாக நடந்த மாதிரி எழுதுகிறேன். முதல் மூன்று வாரம் அம்மாவுக்கு அந்தப் பெண் மேல் நம்பிக்கையே இல்லை. "அதுக்கு ஒண்ணும் தெரியாதுபோல. என்னையே கேக்குது" என்றாள் ஒருநாள். டாக்டர் என்றால் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். தோட்டத்தில் எந்த மலைக்குப் போக வேண்டும், எந்த நிரையில் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு எடை என்று எல்லாமே யாரோ சொல்வார்கள். அப்படிப் பழகியவர்களிடம் திடீரென்று 'உனக்கு என்ன வேண்டும்' என்றால் அது மரியாதையாகத் தெரியாது, பொறி மாதிரித் தெரியும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தக் கஷ்டம் அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கே கேள்வி கேட்டால் பதில் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே பதில் வருவதற்கு முன்னால் பால் வாங்க மகனை அனுப்ப வேண்டியிருக்கிறது. பத்தைக் கிலோவாக மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்த முறை இங்கேதான் அதிகம் தேவை என்றும் தோன்றுகிறது. வாரத்தில் 168 மணி நேரம். அந்தப் பெண் வருவது அதில் இரண்டு மணி நேரம். மீதி 166 மணி நேரமும் அம்மாவும் அந்தச் சமையலறையும்தான். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். பெரிய விஷயம். ஆனாலும் மலையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும். தினமும் யாராலும் வர முடியாது. கூடலூரில் அஸ்வினி அமைப்பு பழங்குடி கிராமங்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கியதும் இதே கணக்கில்தான். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த அமைப்பு கிராமப் பணியாளர்கள் மூலம் வீட்டிலேயே சிகிச்சை தருகிறது, பெற்றோருக்கும் அதைப் பழக்குகிறது. நிபுணர் போன பிறகு அந்த வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருக்கும் கேள்வி.

*

இரண்டு மாத அனுமதி முடியப்போகிறது. அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவதென்று மனதுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். லிஃப்ட் இருக்கும் வீடு, பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஆனால் இப்போது நான் பழைய ஆள் இல்லையே. கற்றுக்கொண்டவன். ஒரு ராத்திரி கம்பளியை அவள் காலில் போர்த்திவிட்டு, நிதானமாக, "அம்மா, பெங்களூர்ல எங்ககூட இருந்தா உனக்கு என்னென்ன வசதியா இருக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ கேக்குற மாதிரி சொல்ற" என்றாள். "அந்தப் பாப்பா அப்படிக் கேக்காது."

டாக்டரம்மா எப்போது பாப்பா ஆனாள் என்று நான் கவனித்திருக்கவில்லை.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களோடு பேசும் ஒரு முறையை 1983இல் எழுதத் தொடங்கியவர் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர். பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை வளர்த்தார். கோணலாக ஒன்றைப் பார்த்ததும் உடனே நிமிர்த்திவிடத் துடிக்கும் சுபாவம் உதவி செய்கிறவர்களுக்கு உண்டு என்றும், எதிரில் இருப்பவர் பின்வாங்குவதற்கு அதுவே காரணமாகிவிடும் என்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுபாவத்துக்குத்தான் சம்பளம். பிழையைப் பார்த்தால் சரிசெய்யாமல் தூக்கம் வராது. கேள்விக்குறி போடக் கற்றுக்கொண்ட பிறகும் நான் நிமிர்த்திக்கொண்டேதான் இருந்தேன்.

"ஒருக்கா கப்பல்ல ஏத்துனாங்க" என்றாள் அம்மா. "பன்னெண்டு வயசு. யாரு என்னைய கேட்டா?"

1973இல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம். அந்தக் கதையை நூறு முறை கேட்டிருக்கிறேன். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவானது. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலையகத் தமிழர்களைக் கேட்காமலேயே போட்ட கணக்கு. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசு தேயிலை போட்டது, அதுதான் பிறகு டான்டீ ஆனது. அம்மா வேறு தோட்டங்களில் வேலை பார்த்தாள். ஆனால் கதை ஒன்றுதான். ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய இந்த இரண்டு அறைதான் அவள் தானாகத் தேர்ந்தெடுத்த முதல் இடம். இத்தனை வருஷம் அந்தக் கதையை வரலாறாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நானும் ஒரு கப்பலோடு வந்து நிற்கிறேன் என்பது அந்த ராத்திரிதான் உறைத்தது.

"சரி" என்றேன். "நீ என்ன பண்ணணும்னு நெனைக்கிற?"

"இங்கயே இருக்கேன்."

எனக்குப் பிடிக்காத பதில். இதைத் தாங்க முடியுமானால்தான் அதைக் கேட்டதற்கு அர்த்தம். தாங்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன். "நீ விழுந்துட்டா நான் வந்து சேர எட்டு மணி நேரம் ஆகும்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "அது தெரியும்" என்றாள் அம்மா. "அதுக்கு என்ன பண்ணலாம்னு பேசுவோம்." விடியற்காலை வரை பேசினோம். கீழ் வீட்டுக்கு இறங்கும் இருபத்து மூன்று படிக்கும் கைப்பிடிக் கம்பி. குளியலறையில் ஒன்று. தினமும் ஏழு மணிக்கு நான் கூப்பிடுவேன். எடுக்காவிட்டால் கீழ் வீட்டு அக்காவைக் கூப்பிடுவேன். மாத்திரையை எண்ணி வைப்பது அக்காவின் பேத்தி. அந்தப் பட்டியலில் பாதி அம்மா சொன்னது.

கடைசியாக மதிப்பெண் போட்டபோது, தேத்தண்ணி வைப்பதில் பன்னிரண்டு கிலோ என்றாள். திருப்தி எத்தனை என்றதற்கு முப்பது. "இன்னும் சிந்துதேம்மா" என்றார் அந்தப் பெண். "சிந்தட்டும். என் வீட்டு மேடைதானே" என்றாள் அம்மா. வலது கை இன்னும் டம்ளரைப் பிடிப்பதில்லை. ஒருவேளை பிடிக்காமலேயே போகலாம்.

போன மாதம் ஒரு நாள் ஏழு மணிக்கு ஃபோன் எடுக்கவில்லை. ஏழு இரண்டுக்கும் எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. ஏழு இருபது வரை நான் பெங்களூரு வீட்டு பால்கனியில் காரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு இருபத்தொன்றுக்கு அவளே கூப்பிட்டாள். பின்னால் அக்காவின் சிரிப்புச் சத்தம். "ஏம்மா ஃபோன்..." என்பது தொண்டை வரை வந்துவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

படியில் பனி இருந்ததாம். கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்க ஆரம்பித்து, பத்தாவது படியில் நின்று மூச்சு வாங்கி, அங்கிருந்து பார்த்தால் எதிர் மலையில் வெயில் விழுந்ததாம். ஃபோன் இடுப்பில் இருந்ததாம், ஆனால் எடுக்க வேண்டுமென்றால் கம்பியை விட வேண்டும். "கம்பியா ஃபோனான்னு பாத்தேன், கம்பின்னு முடிவு பண்ணேன்" என்றாள். மேலும் இருபது நிமிஷம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.